429,49,67,297 பகா எண்ணா?

கேள்வி
ஜனவரி 11, இரவு 9.40

2³² + 1 = 4294967297. இது பகா எண் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2 முதல் 500 வரை உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தேன், எதுவும் மீதியின்றிப் போகவில்லை. அடுத்து ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி சோதித்தேன் (ப ஒரு பகா எண் என்றால், அது வகுக்காத எந்த எண்ணையும் ப − 1 அடுக்குக்கு உயர்த்தி ப-ஆல் வகுத்தால் மீதி 1). 2-ஐ 4294967296 அடுக்குக்கு உயர்த்தி இந்த எண்ணால் வகுத்தால் மீதி சரியாக 1 வருகிறது. இதே ஃபெர்மா எண் வரிசையில் (2-ஐ 1, 2, 4, 8 என்று இரட்டிக்கும் அடுக்குகளுக்கு உயர்த்தி 1 கூட்டியவை) முன்னால் நிற்கும் 3, 5, 17, 257, 65537 எல்லாமே பகா எண்கள். பிறகு இது மட்டும் எப்படிப் பகு எண்ணாகும்?

ஜனவரி 11, இரவு 10.55

பகு எண்தான். 641 × 6700417.

500-இல் நிறுத்திவிட்டீர்கள். இன்னும் 21 பகா எண்கள் போயிருந்தால் 641 வந்திருக்கும். உங்கள் இரண்டாவது சோதனையைப் பற்றி நாளை எழுதுகிறேன். அதில் நீங்கள் கணக்குப் பிழை எதுவும் செய்யவில்லை. மீதி 1 என்பது சரி. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு.

ஜனவரி 12, காலை 6.30

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

நம் எண்ணை வைத்து மீதிக் கணக்குப் போட்டால் 2³² என்பது −1-க்குச் சமம் (1 கூட்டினால் எண்ணே வந்துவிடுகிறது அல்லவா). வர்க்கப்படுத்தினால் 2⁶⁴ என்பது 1-க்குச் சமம். நீங்கள் உயர்த்திய அடுக்கு 4294967296, அதாவது 2³². அது 64-இன் மடங்கு. ஆகவே மீதி 1 வந்தே தீரும். எண் பகாவா பகுவா என்ற கேள்வியே இந்தக் கணக்குக்குள் நுழையவில்லை!

இது இந்த ஓர் எண்ணோடு நிற்பதில்லை. வரிசையில் எந்த ஃபெர்மா எண்ணை எடுத்தாலும், 2-ஐ அடிமானமாக (அடுக்குக்கு உயர்த்தும் எண்ணாக) வைத்தால் மீதி 1 வரும். பகுவாக இருந்துகொண்டே இப்படித் தேறிவிடும் எண்களுக்குப் போலிப் பகா எண் என்று பெயர். 2-இன் அடுக்கிலிருந்து பிறந்த எண்ணிடம் 2-ஐ அனுப்பி விசாரித்தால் அது வீட்டு ஆளைக் காட்டிக்கொடுக்காது. 3-ஐ அனுப்புங்கள். 32 முறை வர்க்கப்படுத்தி ஒவ்வொரு முறையும் மீதி எடுத்தால் போதும். 64 பிட் எண்ணில் அடங்கிவிடும். என்ன வருகிறது என்று இங்கே போடுங்கள், என்னிடம் உள்ள விடையோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஜனவரி 12, மதியம் 1.10

641 ஏன் வகுக்கிறது என்பதற்கு வகுத்துப் பார்க்காமலே ஒரு வழி இருக்கிறது. பல வருடமாகியும் எனக்கு அலுக்காத நான்கு வரி:

641 = 5 × 128 + 1. ஆகவே மட்டு 641-இல் (641-ஆல் வகுத்த மீதியை மட்டும் பார்த்தால்; ≡ என்பது மீதி சமம் என்ற குறி) 5 × 2⁷ ≡ −1.
நான்காம் அடுக்குக்கு உயர்த்துங்கள்: 5⁴ × 2²⁸ ≡ 1.
641 = 625 + 16. ஆகவே 5⁴ ≡ −2⁴.
மேலே இட்டால் −2³² ≡ 1. அதாவது 2³² + 1 ≡ 0.

ஒரே எண்ணை இரண்டு விதமாக எழுதியதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. பத்து இலக்க எண் ஒன்று காகிதத்தில் வரவே இல்லை.

ஜனவரி 12, இரவு 11.20

"641-ஐ முன்பே தெரிந்துகொண்டு செய்கிற வித்தை இது. முதலில் கண்டுபிடித்தவருக்கு 641 எப்படிக் கிடைத்தது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

கண்டுபிடித்தவர் ஆய்லர், 1732-இல். இந்த வரிசை முழுவதும் பகா எண்களே என்று ஃபெர்மா நிரூபித்ததாகச் சொல்லிப் போய் 92 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆய்லர் எல்லாப் பகா எண்களையும் முயன்று பார்க்கத் தேவையில்லை என்று கண்டார். ஒரு பகா எண் 2³² + 1-ஐ வகுத்தால், அதன் மீதிக் கணக்கில் 2³² ≡ −1, 2⁶⁴ ≡ 1. 64-க்குக் குறைந்த எந்த அடுக்கிலும் 1 வராது. சிறு தேற்றப்படி அந்தப் பகா எண்ணிலிருந்து 1-ஐக் கழித்த அடுக்கிலும் 1 வர வேண்டும். ஆகவே அது 64-இன் மடங்காக இருந்தாக வேண்டும். வகுக்கக்கூடிய பகா எண்கள் எல்லாம் 64க + 1 (க ஒரு முழு எண்) என்ற அச்சில் வார்த்தவை.

எழுதிப் பாருங்கள்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. பத்தாவது எண்ணிலேயே வந்துவிட்டது. ஆக, பத்து முயற்சி.

ஜனவரி 13, காலை 7.05

இரண்டு திருத்தம்.

ஒன்று: ஃபெர்மா "நிரூபித்ததாகச் சொல்லி" என்று எழுதியது தவறு. 1640-இல் எழுதிய கடிதத்தில் தனக்கு நம்பிக்கை இருப்பதாகவும் நிரூபணம் இல்லை என்றும்தான் சொல்கிறார். அவர் மீது பழி சுமத்திவிட்டேன், திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு: பத்து முயற்சி தேவையில்லை. அந்தப் பத்தில் 65, 129, 321, 385, 513 ஐந்தும் பகு எண்கள். மிஞ்சுவது 193, 257, 449, 577, 641. ஐந்தே ஐந்து.

ஜனவரி 13, காலை 7.20

257-ஐயும் அடித்துவிடலாம். அது இதே வரிசையின் மூத்த எண். ஃபெர்மா எண்கள் ஒன்றுக்கொன்று சார்பகா எண்கள், பொதுக் காரணியே கிடையாது. காரணம் எளிது:

3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295

நம் எண்ணுக்கு இரண்டு குறைவு. ஆகவே முந்தைய ஐந்தில் எதனால் வகுத்தாலும் மீதி 2 தான் வரும். ஆக, நான்கு முயற்சி.

ஜனவரி 13, இரவு 10.40

இந்த எண்ணோடு எனக்கு எப்படிப் பழக்கம் என்று சொல்ல வேண்டும். கல்லூரி இரண்டாம் ஆண்டில், பகா எண்ணா என்று பார்க்கும் நிரல் ஒன்றை எழுதி இந்த எண்ணைக் கொடுத்தேன். கண் இமைப்பதற்குள் "பகா எண்" என்று விடை வந்தது. அவ்வளவு வேகம் எனக்கே உறுத்தியது. ஆனாலும் இரண்டு நாள் நம்பினேன்.

நடந்தது இதுதான். 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 4294967295. அதற்கு மேல் ஒன்று போனால் 0, இன்னொன்று போனால் 1. நான் கொடுத்த 4294967297 நிரலுக்குள் போனபோது வெறும் 1 ஆகிவிட்டது. நிரல் 1-ஐ வைத்துக்கொண்டு வகுத்தி தேடி, கிடைக்காமல், பகா எண் என்று சொல்லிவிட்டது (1-ஐத் தனியாகக் கவனிக்கவும் நான் சொல்லியிருக்கவில்லை).

அதன் பிறகு கையாலேயே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். 641-ஆல் வகுத்தேன். மீதி 2 வந்தது. இதை அப்புறம் சொல்கிறேன், அது ஒரு தனிக் கதை.

ஜனவரி 14, காலை 6.50

முந்தாநாள் காலை "64 பிட் எண்ணில் அடங்கிவிடும்" என்று எழுதியிருந்தேன். அடிமானம் 3-க்கு அது சரி. ஆனால் 2-க்குச் சரியில்லை. 2-ஐ ஐந்து முறை வர்க்கப்படுத்தினால் மீதி 4294967296. அதை மறுபடி வர்க்கப்படுத்தினால் 2⁶⁴. குறியற்ற (எதிர்ம எண்களுக்கு இடமில்லாத) 64 பிட்டில் அடங்கும் எல்லையை ஒன்றே ஒன்றால் தாண்டி 0 ஆகிவிடும்! உங்களுக்கு 1 வந்ததால் நீங்கள் பேரெண் கணக்கு செய்யும் மொழியில் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. நல்லது. குறியுள்ள 64 பிட் எண் வைத்திருப்பவர்கள் 3-க்கும் அதை நம்ப வேண்டாம், அதன் எல்லை பாதிதான்.

ஜனவரி 14, மதியம் 12.30

நான்கு முயற்சி என்றேன். ஒன்றே போதும் என்று இப்போது சொல்கிறேன்.

1878-இல் லூக்கா ஆய்லரின் அச்சை இன்னும் இறுக்கினார்: வகுத்திகள் 64க + 1 மட்டுமல்ல, 128க + 1. காரணம், நம் எண்ணின் மீதிக் கணக்கில் 2-க்கு வர்க்கமூலம் உண்டு. 256 × 65535 = 16776960. இதை வர்க்கப்படுத்தி 4294967297-ஆல் வகுத்தால் மீதி சரியாக 2. (சரிபார்க்க விரும்பினால்: வர்க்கம் 2¹⁶ × (2³² − 2 × 2¹⁶ + 1). அடைப்புக்குள் 2³² + 1 பூச்சியமாகிவிடுவதால் மிஞ்சுவது −2 × 2³², அதாவது 2.) 2-ஐ 1 ஆக்க 64 அடுக்கு வேண்டுமென்றால் அதன் வர்க்கமூலத்துக்கு 128 வேண்டும். அவ்வளவுதான்.

இப்போது பட்டியல்: 129, 257, 385, 513, 641. இதில் 129, 385, 513 பகு எண்கள். 257 அண்ணன், ஏற்கெனவே விலக்கியாயிற்று. முதன்முதலில் வகுத்துப் பார்க்க வேண்டிய எண்ணே 641.

இதைத் தெரிந்துகொண்ட நாளில், நான் காகிதம் காகிதமாகச் செலவழித்த அந்த வாரத்தை நினைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 14, இரவு 9.15

6700417 பகா எண்தானா என்று கேட்டவருக்கு: ஆம், அதையும் கையாலேயே காட்டலாம். அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றுத் தாண்டும். அதற்குள் 128க + 1 வடிவில் இருபது எண்கள். அவற்றில் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டும். 257 வேண்டாம். மற்ற நான்கால் வகுத்தால் மீதி முறையே 44, 120, 334, 622. முடிந்தது. ஏழு இலக்க எண் ஒன்றைப் பகா எண் என்று நிறுவ நான்கு வகுத்தல் போதும் என்பது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 15, இரவு 11.50

மீதி 2 கதை.

நெடுவகுத்தலைப் போட்டுப் பாருங்கள். 4294-இல் 641 ஆறு முறை, மீதி 448. அடுத்த இலக்கம் 9-ஐ இறக்கினால் 4489, ஏழு முறை, மீதி 2. பிறகு 26, 267 இரண்டிலும் 641 போகாது, ஈவில் இரண்டு பூச்சியம். 2672-இல் நான்கு முறை, மீதி 108. 1089-இல் ஒருமுறை, மீதி மறுபடியும் 448. கடைசி இலக்கம் 7-ஐ இறக்கினால் 4487. அது 641 × 7 தான். மீதி 0.

448 இரண்டு முறை வருகிறது, பார்த்தீர்களா? இரண்டாவது முறை 448-ஐப் பார்த்ததும் என் கை முதல் முறை எழுதிய 4489-ஐயே மறுபடி எழுதிவிட்டது. மீதி 2. சரிபார்க்கவும் இல்லை. ஏனென்றால் அதற்கு முன் 3, 5, 17, 257 என்று வகுத்ததில் எல்லாம் மீதி 2 தான் வந்திருந்தது. 2 என்ற விடை பழகின முகமாக இருந்தது. 641-ஐ அடித்துவிட்டு 769-க்குப் போனேன். ஐந்து நாள் கழித்து ஒரு நூலகத்தில்தான் உண்மை தெரிந்தது. என் காகிதத்தை எடுத்துப் பார்த்தால், சரியான எண்ணை நான் தொட்டுவிட்டு விட்டிருக்கிறேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஃபெர்மா விஷயத்தில் எல்லோரையும் உறுத்துவது இதுதான். ஆய்லர் கையாண்ட கருவி ஃபெர்மாவிடமே இருந்தது. சிறு தேற்றம் அவருடையது. அதே 1640-இல் 2³⁷ − 1 என்ற எண்ணுக்கு 223 என்ற காரணியைக் கண்டதும் அவரே. அங்கே வகுத்தி 74க + 1 வடிவில் இருக்க வேண்டும் என்று சல்லடை போட்டார். அதே சல்லடை இங்கே 64க + 1. ஐந்தாவது பகா எண்ணில் 641. போட்டுப் பார்த்திருக்க மாட்டாரா?

போட்டுப் பார்த்திருப்பார், ஓர் இலக்கத்தை மாற்றி எழுதியிருப்பார் என்பது என் நம்பிக்கை. ஆதாரம் கிடையாது, என் காகிதம் ஒன்றுதான்.

ஜனவரி 16, காலை 7.40

நேற்றிரவு எழுதியதை மறுபடி படித்தேன். கடைசிப் பத்தியைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். என் பிழையை அவர் தலையில் வைத்து எழுதிவிட்டேனோ என்று இருக்கிறது. அவர் போடாமலே விட்டிருக்கவும் கூடும். முதல் ஐந்தும் பகா எண்களாக இருக்கும்போது ஆறாவதைச் சந்தேகிக்க மனம் வராது. கேள்வி கேட்ட நீங்களும் அதைத்தானே எழுதியிருந்தீர்கள்.

ஜனவரி 16, இரவு 8.30

"பகா எண்ணாகவே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" இது நல்ல கேள்வி.

வடிவியல் மாறியிருக்கும். 17 பக்க ஒழுங்கு பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என்று 1796-இல் காஸ் கண்டார். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்கு பலகோணத்தை வரைய, அந்தப் பக்க எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலனாக இருக்க வேண்டும். தெரிந்தவை ஐந்தே ஐந்து பகா எண்கள், ஆகவே 31 பலகோணங்கள். அவற்றில் மிகப் பெரியதன் பக்க எண்ணிக்கை 4294967295. ஆம், 32 பிட்டின் உச்ச எண்ணேதான்! இரண்டு தள்ளி நிற்கும் நம் எண்ணோ எந்தக் கவராயத்துக்கும் அடங்காது.

அடுத்த ஃபெர்மா எண்ணும் பகுதான். 1880-இல் லாண்ட்ரி உடைத்தார், 274177 × 67280421310721. அதற்குப் பிறகு இன்றுவரை ஆறாவது ஃபெர்மா பகா எண் ஒன்று அகப்படவில்லை. 2-இன் அடுக்கில் 2²⁰ வைத்து 1 கூட்டினால் 3,15,653 இலக்கங்கள் கொண்ட எண். அது பகு என்று நிரூபணம் இருக்கிறது, ஆனால் ஒரு காரணியும் தெரியாது. 1877-இல் பெப்பின் தந்த சோதனை அப்படிப்பட்டது. எண்ணிலிருந்து 1-ஐக் கழித்ததில் பாதி அடுக்குக்கு 3-ஐ உயர்த்து, மீதி −1 வந்தால் பகா, வராவிட்டால் பகு. நம் எண்ணுக்கு 3-ஐ 2³¹ அடுக்குக்கு உயர்த்த வேண்டும். 4294967296 வந்திருக்க வேண்டிய இடத்தில் 10324303 வருகிறது.

ஜனவரி 18, இரவு 10.05

இரண்டு நாளாக வேறு ஒன்றில் மூழ்கிவிட்டேன்.

நம் எண் 65536² + 1². இரண்டு வர்க்கங்களின் கூட்டல். பகா எண்ணாக இருந்தால் இப்படி எழுத ஒரே வழிதான் இருக்கும். பகு என்பதால் இன்னொரு வழி இருந்தாக வேண்டும். காரணிகளை உடைத்தேன்:

641 = 25² + 4²
6700417 = 2556² + 409²

25 × 2556 = 63900, 4 × 409 = 1636. கூட்டினால் 65536.
25 × 409 = 10225, 4 × 2556 = 10224. கழித்தால் 1.

பழைய வழி அப்படியே கிடைத்தது. இப்போது குறிகளை மாற்றுங்கள். 63900 − 1636 = 62264. 10225 + 10224 = 20448.

62264² + 20448². இதுதான் இரண்டாவது வழி.

ஜனவரி 18, இரவு 10.20

கூட்டல் பிழை. 10225 + 10224 = 20449. மன்னிக்கவும்.

62264² = 3876805696, 20449² = 418161601. கூட்டினால் 4294967297.

ஜனவரி 18, இரவு 11.45

20449-ஐத் திருத்தும்போதுதான் கண்ணில் பட்டது. அது 143². ஆகவே

4294967297 = 62264² + 143⁴

நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அடுத்தடுத்த இரண்டு எண்களின் கூட்டல் ஒரு வர்க்கம் என்றால் பிதாகரஸ் மும்மை ஒன்று ஒளிந்திருக்கிறது என்று பொருள்: 143, 10224, 10225. அதைப் பிரித்தால் 71-உம் 72-உம். 72² − 71² = 143. 72² + 71² = 10225. 2 × 71 × 72 = 10224. அந்த 10224 என்பது 4 × 2556. ஆகவே 2556 = 71 × 72 ÷ 2, அதாவது 1 முதல் 71 வரை கூட்டிய தொகை.

641-இன் எடுபிடி போல நின்றுகொண்டிருந்த 6700417-க்குள் ஒரு முக்கோண எண் உட்கார்ந்திருக்கிறது! இத்தனை வருடம் அந்தக் காரணியை நான் சரியாகப் பார்த்ததே இல்லை.

ஜனவரி 19, மதியம் 2.15

சின்னது ஒன்று. 641 இங்கே மட்டும் வேலை செய்யவில்லை. 10¹⁶ + 1-ஐயும் அது வகுக்கும். மட்டு 641-இல் 10⁴ ≡ 385, 10⁸ ≡ 154, 10¹⁶ ≡ 640, அதாவது −1. ஆகவே 1/641-இன் தசம விரிவு 32 இலக்கத்துக்கு ஒருமுறை சுழலும். 449-உம் 10¹⁶ + 1-ஐ வகுக்கும். ஜனவரி 13 பட்டியலில் 641-க்கு இரண்டு இடம் முன்னால் நின்று தோற்றதே, அதே 449.

ஜனவரி 20, இரவு 9.30

கேள்வி கேட்டவர் அடிமானம் 3 போட்டு விடையை எழுதியிருக்கிறார்: 3029026160. என்னிடம் இருப்பதும் அதுவே.

நிரல் மீது இன்னும் சந்தேகம் இருந்தால் கையால் சரிபார்க்கலாம். மட்டு 641-இல் 3-ஐ வர்க்கப்படுத்திக்கொண்டே போனால் 9, 81, 151, 366, 628, 169, 357, 531, 562, 472, அடுத்து மறுபடியும் 357. நான்குக்கு ஒருமுறை சுழல்கிறது. முப்பத்திரண்டாவது படியில் 531 வர வேண்டும். 3029026160-ஐ 641-ஆல் வகுத்துப் பாருங்கள். ஈவு 4725469, மீதி 531. இந்தத் தடவை ஒவ்வொரு இலக்கத்தையும் இறக்கும்போது விரல் வைத்துப் பார்த்தேன்.